சாதாரண மில்லிங் மெசினில் வளைந்த ஸ்லொட்டை அளவாக வெட்டுவது எப்படி?

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் சின்ன மில்லிங் மெசின் ஒன்று வைத்திருக்கிறார், கையால் சுற்றுவது. ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய நீராவி இயந்திரம் செய்துகொண்டிருக்கிறார். அதை முன்னுக்கும் பின்னுக்கும் ஓடவைக்கும் ஸ்டீபன்சன் இணைப்புக்கு 6 மி.மீ. இரும்புப் பிளேற்றில் ஒரு வளைந்த ஸ்லொட் வேண்டும்: அகலம் 8 மி.மீ., ஆரை 90 மி.மீ., முனைக்கு முனை 40 பாகை. இரவல் வாங்கிய 4 அங்குல ரோட்டரி ரேபிளில் (கைப்பிடியால் பாகைக் கணக்கில் சுழற்றும் வட்டமேசை) பிளேற்றைக் கட்டி, 8 மி.மீ. கட்டரைப் போட்டு வெட்டினார். முனைகளில் 8.1 வந்தது, நடுவில் 8.3. உள்ளே ஓடவேண்டிய கட்டை முனையில் அளவாக ஓடுகிறது, நடுவுக்கு வந்ததும் கடகடக்கிறது. ரேபிளின் பல்லில் உள்ள லூஸ்தான் காரணமா, நல்லதாக ஒன்று வாங்கவேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

வாங்கத் தேவையில்லை, தம்பி. பல்லில் உள்ள லூஸ் ஸ்லொட்டின் அகலத்தைத் தொடாது. அந்த லூஸ் ரேபிளைச் சற்று முன்னும் பின்னும் சுழலத்தான் விடும். சுழல்வது வில்லின் வழியேதான். 90 மி.மீ. ஆரையில் 1 பாகை என்றால் 1.57 மி.மீ., 1 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்றால் ஏறக்குறைய 0.026 மி.மீ. கைப்பிடியில் 5 கலை லூஸ் இருந்தால் ஸ்லொட்டின் முனை 0.13 மி.மீ. தள்ளி நிற்கும், அவ்வளவுதான். அகலம் கெடுவது ரேபிளின் மையத்துக்கும் கட்டருக்கும் இடையில் உள்ள தூரம் மாறும்போது மட்டுமே. ரேபிளின் நடுத்தண்டே பக்கவாட்டில் ஆடுகிறதா என்று ஒருதரம் பாருங்கள். விளிம்பில் டயல் கேஜை வைத்துக் கையால் தள்ளினால் தெரிந்துவிடும். ஊசி அசையாவிட்டால் ரேபிளில் பிழை இல்லை.

பிழை எங்கே என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். கட்டர் முழு அகலத்தையும் ஒரே தடவையில் தின்னும்போது அது நேராக நிற்பதில்லை. ஸ்பிண்டில் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. முன்னால் உலோகத்தைக் கடிக்கும் பல் வலப்பக்கம் போகிறது. உலோகம் அதைத் திருப்பி இடப்பக்கம் தள்ளுகிறது. அதனால் கட்டர் தான் போகும் திசைக்கு இடப்பக்கமாக ஒரு மயிரளவு வளைந்துகொண்டே போகும். போகும்போது இது பெரிய பாதகம் இல்லை, ஸ்லொட் முழுவதும் ஒரே பக்கம் தள்ளி நிற்கும். ஆனால் கட்டரை உயர்த்தாமல் அதே வழியில் திரும்பி வந்தீர்கள் என்றால், வளைவு விட்டுப்போன கட்டர் மற்றச் சுவரைச் சீவிக்கொண்டு வரும். சிறிய மெசின்களில் தலையும் தூணும் மெல்லியவை, கட்டரோடு சேர்ந்து அவையும் வளையும். ஒவ்வொரு ஆழத்துக்கும் இப்படிப் போய்வந்தால் அகலம் கூடத்தான் செய்யும்.

இரண்டாவது, கட்டரை எதில் பிடித்தீர்கள்? டிறில் சக்கில் என்றால் உடனே நிறுத்துங்கள். பக்கவாட்டுத் தள்ளலுக்கு அது செய்யப்படவில்லை. நடு வேலையில் சக் தண்டிலிருந்து கழன்று விழுந்ததைப் பார்த்தவன் நான். கொலட்டில், அதாவது கட்டரின் தண்டைச் சுற்றிவர இறுக்கிப் பிடிக்கும் குழலில், பிடித்திருந்தாலும் கட்டரின் தண்டில் டயல் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு பல் கட்டரில் ஆட்டம் 0.05 என்றால் ஸ்லொட்டும் அந்த அளவுக்கு அகலிக்கக்கூடும்.

மூன்றாவது, நடுவில் 8.3 வந்திருக்கிறதே, அதைப் பார்த்தால் எக்ஸ் அச்சை (மேசை இடம் வலமாக நகரும் வழி; முன் பின்னாக நகர்வது வை அச்சு) நீங்கள் லொக் பண்ணவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் சொந்த வேலையில் ஒருமுறை இது நடந்தது. மூன்று மணித்தியாலம் செலவழித்த பிளேற், கடைசி மூன்றில் ஒரு பங்கில் ஸ்லொட் 0.2 மி.மீ. அகன்றுபோனது. லொக் கைப்பிடி விரலால் தொடவே லூசாக இருந்தது. அதிர்வில் மேசை தானாக ஊர்ந்திருக்கிறது.

சரி, இனிச் செய்யும் முறை. 8 மி.மீ. ஸ்லொட்டுக்கு 8 மி.மீ. கட்டர் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அகலத்தைக் கட்டரின் விட்டத்திடம் விட்டால் கட்டரின் தேய்வு, ஆட்டம், வளைவு எல்லாம் உங்கள் அளவில் வந்து ஏறும். 6 மி.மீ. கட்டரால் நடுவைக் குடைந்து எடுத்துவிட்டு, வெளிச்சுவரையும் உட்சுவரையும் தனித்தனியே, மெல்லிய சீவலாக அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது அகலத்தைத் தீர்மானிப்பது எக்ஸ் அச்சு. அதை நீங்கள் அளக்கலாம், திருத்தலாம்.

முதலில் மையம். ரோட்டரி ரேபிளை மெசின் மேசையில் இறுக்கி, ஸ்பிண்டிலில் நெம்பு டயல் கேஜை மாட்டி, ரேபிளின் நடுத்துளைக்குள் அதன் முனையை விட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். ஊசி எல்லாப் பக்கமும் ஒரே இடத்தில் நிற்கும்வரை எக்ஸையும் வையையும் திருத்துங்கள். இந்த இடம்தான் இரண்டு அச்சுக்கும் பூச்சியம். இங்கே ஒரு ஆறுதலான விஷயம் உண்டு. நீங்கள் எக்ஸ் வழியாக 90 மி.மீ. நகர்த்தப் போகிறீர்கள் என்றால் வை அச்சில் 0.1 மி.மீ. பிழைத்தாலும் ஆரை மாறுவது 0.0001 மி.மீ.க்கும் குறைவு, செங்கோண முக்கோணத்தைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். எக்ஸில் 0.1 பிழைத்தால் ஆரையும் அப்படியே 0.1 பிழைக்கும். ஆகவே பொறுமையை எக்ஸில் செலவழியுங்கள். வையைப் பூச்சியத்தில் லொக் பண்ணினால் வேலை முடியும்வரை அதைத் தொடவேண்டாம்.

உங்கள் ரேபிளின் ஆரை ஏறக்குறைய 50 மி.மீ.தான், ஸ்லொட்டோ 90 மி.மீ. தள்ளி இருக்கிறது. பிளேற்றை வெளியே நீட்டிக் கட்டினால் நுனி துடிக்கும், வெட்டின சுவரில் அலை அலையாக விழும். 12 மி.மீ. அலுமினியத் தட்டு ஒன்றை, 250க்கு 100 அளவில் வெட்டி, ரேபிளின் மேல் போல்ட் போட்டு இறுக்குங்கள். வேலைப் பிளேற் அந்தத் தட்டின் மேல். தட்டின் வெளிமுனைக்குக் கீழே, மெசின் மேசைக்கும் தட்டுக்கும் இடையில், சரியான உயரத்தில் ஒரு இரும்புக் கட்டையை வைத்து எண்ணெய் தடவிவிட்டால் தட்டு அதன் மேல் வழுக்கிக்கொண்டு சுழலும், கீழே அமுங்காது. இதையெல்லாம் கட்டிய பிறகு மெசினை நிறுத்திவைத்துக்கொண்டு 40 பாகையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தூணில் இடிக்கிறதா, தலை மேலே ஏற இடம் இருக்கிறதா என்பது அப்போதே தெரியவேண்டும்.

உங்கள் இணைப்பில் வில்லின் மையம் பிளேற்றுக்குள் இல்லை, வெளியே வெறும் வெளியில் இருக்கிறது. அதனால் பிளேற்றை மையத்துக்குப் பொருத்த ஒரு துளையும் கிடையாது. இதற்குச் சுலபமான வழி, எல்லாவற்றையும் ஒரே கட்டில் முடிப்பது. தண்டுகள் மாட்டுகிற இரண்டு முளைத்துளைகள், ஸ்லொட்டின் இரண்டு முனைகள், ஸ்லொட், வேண்டுமென்றால் வெளி உருவத்தின் இரண்டு வில்களும்கூட, எல்லாம் பிளேற்றை ஒருமுறை இறுக்கிய இறுக்கிலேயே. இடையில் கழற்றி மாட்டினால் நூறில் இரண்டு மில்லிக் கணக்கெல்லாம் வெறும் பேச்சாகிவிடும். பிளேற்றைப் பெரிதாகவே விடுங்கள். கழிவாகப் போகும் மூலைகளில் துளை போட்டு அவற்றின் வழியாகத் தட்டில் இறுக்குங்கள். வெளி உருவத்தை முதலில் அறுத்துவிட்டு மெல்லிய வளையத்துக்குள் ஸ்லொட் வெட்டப்போனால் அது நெளியும்.

இப்போது முனைகள். எக்ஸ் 90இல் லொக். ரேபிளை ஒரு முனைக்குத் திருப்பி, சென்ரர் டிறில், பிறகு 7.8, பிறகு துளையை அளவுக்குச் சீவும் 8 மி.மீ. றீமர். ரேபிளை மறுமுனைக்குத் திருப்பி அதே வேலை. இரண்டு முனைக்கும் ஒரே பக்கத்தில் இருந்து சுற்றி வந்து நில்லுங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய்த் திரும்ப வாருங்கள். அளவைப் பொறுத்தவரை ரேபிள் பல்லின் லூஸ் கணக்கில் வரும் இடம் இது ஒன்றுதான். றீமருக்கு எண்ணெய் விடுங்கள். வெட்டெண்ணெய் கையில் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் போதும், ஆனால் வேலை முடிந்ததும் துடைத்துவிடவேண்டும், விட்டால் பிசினாகும்.

கைப்பிடி ஒரு சுற்றுக்கு எத்தனை பாகை என்பதையும் முதலிலேயே உறுதிப்படுத்துங்கள். பல 4 அங்குல ரேபிள்கள் 72க்கு 1, அதாவது ஒரு சுற்றுக்கு 5 பாகை. 90க்கு 1 என்றால் 4 பாகை, 36க்கு 1 என்றால் 10. இரவல் வாங்கிய சாமான் என்பதால் ஊகிக்கவேண்டாம், எண்ணிப் பாருங்கள்.

நடுவைக் குடைவதற்கு 6 மி.மீ. இரண்டு பல் கட்டர். சாதாரண ஹைஸ்பீட் இரும்பு என்றால் நிமிடத்துக்கு 1300 சுற்று அளவில் ஓட்டலாம். றீம் பண்ணின துளைக்குள் கட்டரை இறக்குவதால் உலோகத்துக்குள் குத்தி இறக்கும் தொல்லை இல்லை. ஒரு தடவைக்கு முக்கால் மில்லி ஆழம். ரேபிளின் லொக்கை முழுக்க விடாமல், கைப்பிடி கொஞ்சம் கனமாகச் சுற்றும் அளவுக்கு இறுக்கிவைத்துக்கொள்ளுங்கள். கட்டர் பிடித்து இழுத்தாலும் ரேபிள் பாயாது. வேகத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு பல்லுக்கு 0.02 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 52 மி.மீ.; இந்த ஆரையில் அது 33 பாகை; 72க்கு 1 ரேபிளில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 9 செக்கன். முதல் சுற்றை மணிக்கூட்டைப் பார்த்தே சுற்றுங்கள். பெரும்பாலானவர்கள் இதைவிட மெதுவாகச் சுற்றுகிறார்கள், கட்டர் வெட்டாமல் தேய்க்கிறது, சூடேறி மழுங்குகிறது. முனைக்குப் போனதும் கட்டரை உயர்த்துங்கள், வெறுமனே திரும்பி வாருங்கள், அடுத்த ஆழத்துக்கு இறக்குங்கள். கடைசித் தடவை கீழே அலுமினியத் தட்டுக்குள் 0.3 மி.மீ. போகட்டும். வெட்டுத்தூளைத் தூரிகையால் தள்ளிக்கொண்டே இருங்கள். ஸ்லொட்டுக்குள் தங்கும் தூளைக் கட்டர் திரும்பக் கடித்தால் சுவர் கிழியும்.

இப்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லி மிச்சம் இருக்கும். வெளிச்சுவருக்கு எக்ஸ் 91இல் நிற்கவேண்டும், உட்சுவருக்கு 89இல். நேரே அங்கே போகாதீர்கள். முதலில் 90.8, பிறகு 89.2. முழு ஆழத்திலும் ஒரே சீவலாக எடுக்கலாம், ஏனென்றால் பக்கவாட்டில் எடுப்பது கொஞ்சம்தான். மெசின் முனகினால் இரண்டாகப் பிரியுங்கள். எக்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் கட்டர் வேலைக்கு மேலே தூக்கியபடி இருக்கவேண்டும். திருகாணியின் லூசை எடுப்பதற்காக மேசையை அளவைத் தாண்டி விட்டுத் திரும்பக் கொண்டுவருவீர்கள், கட்டர் உள்ளே இருந்தால் அந்தத் தாண்டலில் சுவர் போய்விடும். என்னுடைய மெசினில் எக்ஸுக்கு நான் திருகாணியின் அளவுகளை நம்புவதே இல்லை. காந்த அடியில் டயல் கேஜை மேசையின் நுனியில் வைத்து அதைத்தான் பார்க்கிறேன். பிறகு லொக். லொக் பண்ணும்போது ஊசி அசைந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

எந்தப் பக்கம் சுற்றுவது என்பதை ஒரு தாளில் எழுதி மெசினில் ஒட்டிவையுங்கள்: மேலிருந்து பார்க்க, வெளிச்சுவருக்கு ரேபிள் இடஞ்சுழி, உட்சுவருக்கு வலஞ்சுழி. அப்படிச் சுற்றினால் உலோகம் பல்லுக்கு எதிராக வரும். மாறிச் சுற்றினால் கட்டர் உலோகத்தைத் தன் பக்கம் இழுக்கும், ரேபிளின் பல்லில் உள்ள லூஸ் அளவுக்கு அது பாயும், 6 மி.மீ. கட்டர் ஒடிய அது போதும். சரியான திசையிலும் கட்டர் சுவரை நோக்கிச் சற்று இழுபடும். நீங்கள் வைத்த அளவைவிட ஓரிரு நூறில் மில்லி கூடுதலாக வெட்டும். அதற்காகத்தான் முதலில் 90.8இலும் 89.2இலும் நிறுத்தச் சொன்னேன், அங்கே அளந்துவிட்டு மிச்சத்தை எடுங்கள். கடைசிச் சீவல் 0.05க்கு மேல் இருக்கக்கூடாது.

அளப்பதற்கு வேர்னியரின் உள்வாய் போதாது, வளைந்த சுவரில் அதன் தட்டை முகம் பொய் சொல்லும். உருளை முளைகளால் அளந்து பாருங்கள். புதிய டிறில்களின் தண்டுகள் நல்ல முளைகள். ஒவ்வொன்றையும் மைக்குரோமீற்றரால் அளந்து எழுதிவையுங்கள். 8 மி.மீ. என்று விற்கும் டவல் முளை பெரும்பாலும் 8.01 பக்கம் இருக்கும், இறுக்கிப் பொருத்துவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதை 8.00 என்று நினைத்து ஸ்லொட்டைப் பெருப்பித்துவிடாதீர்கள். முளையை ஒரு முனையில் நிறுத்தி மறுமுனைவரை விரலால் தள்ளிக்கொண்டு போங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே விடுகிறது என்பதை விரல் சொல்லிவிடும்.

எல்லா ஸ்லொட்டுக்கும் இவ்வளவு பாடு தேவையா என்றால், இல்லை. பழைய கார்களில் டைனமோவை இழுத்துப் பெல்ட்டை இறுக்கிவைக்கும் வளைந்த பட்டி இருக்கிறதே, அதில் போல்ட் ஒரு இடத்தில் நின்று இறுகுவதுதான் வேலை. அரை மில்லி கூடினாலும் ஒன்றும் ஆகாது, 8 மி.மீ. கட்டரால் ஒரே போக்கில் வெட்டிவிடலாம். உங்கள் இணைப்பில் கட்டை ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே உள்ள ஒவ்வொரு நூறில் மில்லி லூசும் வால்வு திறக்கும் நேரத்தைக் குழப்பும், நாளாக நாளாகத் தட்டித் தட்டி வளரும்.

இரவல் ரேபிளைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தால், ரேபிளே இல்லாமலும் செய்யலாம். அரைப் பாகைக்கு ஒரு புள்ளியாக, எக்ஸுக்கு 90 பெருக்கல் கோசைன், வைக்கு 90 பெருக்கல் சைன் என்று தொலைபேசியிலேயே அட்டவணை போடுங்கள். மைனஸ் 20 பாகையில் இருந்து 20வரை 81 புள்ளிகள். முதலில் 7.5 டிறிலால் இடைவிட்டுத் துளைத்துக் கழிவை எடுத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் 8 மி.மீ. நடுவெட்டுக் கட்டரை (அடியின் நடுவிலும் வெட்டுவது) இறக்கி எடுத்தால் சுவரில் நிற்கும் அலையின் உயரம் 0.02 மி.மீ. அளவில்தான் இருக்கும், எண்ணெய்க்கல்லால் தேய்த்தால் போய்விடும். அகலம் இங்கே கட்டரைப் பொறுத்துத்தான் வரும், ஆனால் கட்டர் பக்கவாட்டில் ஓடாததால் வளைவு குறைவு. ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ் 84.57இல் தொடங்கி நடுவில் 90க்கு ஏறி, பிறகு திரும்ப இறங்கும். நடுவில் திசை மாறுவதால் திருகாணியின் லூஸ் அங்கே வந்து விழும். அதனால் ஒரு முனையில் இருந்து நடுவரை செய்யுங்கள். பிறகு மறுமுனைக்குப் போய் அங்கிருந்து நடுவுக்கு வாருங்கள். எக்ஸ் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது பாதிக்கு வையின் லூசை மட்டும் தொடக்கத்தில் ஒருதரம் எடுத்துவிட்டால் சரி.

முளையில் பிளேற்றை மாட்டி, நீண்ட கைப்பிடியால் கையாலேயே சுழற்றி வெட்டும் முறையையும் சிலர் சொல்வார்கள். பலகைக்கும் பிளாஸ்ரிக்குக்கும் அது நல்லது. இரும்பில் வேண்டாம். கட்டர் ஒருமுறை பிடித்து இழுத்தால் அந்தக் கைப்பிடியை நிறுத்த மனிதக் கைக்குச் சக்தி காணாது.

கடைசியாகக் கட்டை. ஸ்லொட்டை முடித்த பிறகே கட்டையைச் செய்யுங்கள், ஸ்லொட் 8.02 என்று வந்தால் கட்டையை அதற்கு ஏற்றதாக்கலாம். கட்டையின் இரண்டு முகமும் தட்டையாக இருக்கக்கூடாது, வெளிமுகம் 94 ஆரையில் புடைத்தும் உள்முகம் 86 ஆரையில் குழிந்தும் வரவேண்டும். பிளேற்றைக் கழற்றிவிட்டு அதே தட்டில், அதே மையத்தில் கட்டைக்கான துண்டைக் கட்டி இரண்டு வில்லையும் வெட்டலாம்.

மிச்சத்தை நான் பழகிய வழியில் சொல்கிறேன். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகுதான் நான் ஒரு கடைசல் பட்டறையில் வேலை பழகினேன். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்கு வளைந்த பட்டிகளைக் கைத்துளைப்பானால் வரிசையாகத் துளைத்து, அரத்தால் அராவித்தான் செய்தோம். பொருத்தம் பார்க்க என் மாஸ்ரர் போத்தல் விளக்கின் சுவாலைக்கு மேலே முளையைப் பிடிப்பார். ஒரு நிமிடத்தில் அதில் மெல்லிய கரி படியும். அதை ஸ்லொட்டுக்குள் விட்டு ஒருமுறை ஓட்டி எடுப்பார். சுவரில் கரி ஒட்டிய இடம் மேடு. அந்த இடத்தை மட்டும் அரத்தின் நுனியால் இரண்டு இழுப்பு, திரும்பவும் கரி, திரும்பவும் ஓட்டம். உங்கள் கட்டைக்கும் இதையே செய்யுங்கள், அரத்துக்குப் பதில் எண்ணெய்க்கல். கரி சுவர் முழுக்க ஒரே மாதிரி மங்கலாக ஒட்டத் தொடங்கியதும் நிறுத்தி, மண்ணெண்ணெயால் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டு ஓட்டிப் பாருங்கள்.